திகில் பட இயக்குநராக விரும்பும் குமரி மாவட்டத்து இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளை வட்டாரத்தில் திகில் படமோ துப்பறியும் தொடரோ இயக்க வேண்டும் என்ற கனவோடு இருக்கும் இளைஞர்கள் பலர். சென்னை, திருவனந்தபுரம் ஆகிய இரண்டு திரையுலகங்களின் வாசலிலும் நிற்கக்கூடிய அவர்கள், சில தவறுகளால் இரண்டையும் இழக்கிறார்கள்.

அவற்றுள் மிகுந்த வருத்தம் தருவது, சின்னத்திரையில் உதவி இயக்குநராகச் சேர்வதை இழுக்கென்று கருதுவது. 1990களில் ‘மர்மதேசம்’ என்ற தொலைக்காட்சி மர்மத் தொடரை இயக்கிய நாகா, 2010இல் ‘ஆனந்தபுரத்து வீடு’ படத்தை இயக்கினார். சீரியல் படப்பிடிப்பில் வேலை ஓட்டமாக ஓடும். அந்த ஓட்டத்தினிடையே நாயகி விளக்கை எந்தக் கையில் பிடித்திருந்தாள், திரி எவ்வளவு எரிந்திருந்தது, பின்னாலிருந்த கதவு எத்தனை விரற்கடை திறந்திருந்தது என்று, ஒரு காட்சியின் ஷாட்டுகளுக்கிடையே எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள உதவும் கன்டினியூட்டி குறிப்பு எழுத வேண்டும். குடும்பக் கதையில் கதவு சற்று நகர்ந்துவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. திகில் கதையில் பேய்தான் நகர்த்தியது என்று பார்வையாளர் நம்பிவிடுவார். பிறகு அதற்குக் காரணம் கிடைக்காதபோது படத்தின் மீதே நம்பிக்கை இழப்பார். இந்தக் கவனத்தைக் கற்றுத்தர சீரியல் தளத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு படம் எடுத்தவுடன் அடுத்த வாய்ப்பு தேடி வரும் என்று கணக்குப் போடுவதும் தவறு. மலையாளத் திகில் பட இயக்குநர் ராகுல் சதாசிவனின் முதல் படம் 2013இல் வந்தது; ‘பூதகாலம்’ 2022இல்தான் வந்தது, ‘பிரமயுகம்’ 2024இல். இடைப்பட்ட ஆண்டுகளுக்கு வருமானம் தரும் வேறு வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

மலையாளத்தைச் சரளமாகப் பேசியும் படிக்கப் பழகாமல் இருப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். மலையாளத் திரையுலகில், திரைக்கதைப் பிரதியைப் பிறர் வாசித்துக் காட்டக் காத்திருப்பவரிடம் அசோசியேட் (இணை இயக்குநர்) பொறுப்பை யாரும் ஒப்படைப்பதில்லை.

பழைய மாளிகைகளை மனத்தில் வைத்துக் கதை எழுதுபவர்கள், அனுமதி தர வேண்டியவர் யார் என்பதை முன்னரே விசாரித்துவிட வேண்டும். ‘மணிச்சித்ரத்தாழ்’ என்ற மலையாளப் படம் படமாக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்கு அருகில் இருந்தாலும், அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நாகர்கோவில் அலுவலகங்களில் அலைந்து பயனில்லை.