மீட்டிங் நாளில் செவிலியர்கள் செய்யும் தவறுகள்

மருந்து அலமாரிச் சாவியோடு மீட்டிங்குக்குப் போனவள் நான். மார்ஃபின் முதலான மருந்துகளைப் பூட்டி வைத்திருக்கும் அலமாரி அது. முதல் அமர்வு பாதி ஓடும்போது இடுப்பில் ஏதோ உறுத்துகிறதே என்று பாக்கெட்டில் கைவிட்டால் சாவிக்கொத்து. அங்கே அறுவை சிகிச்சை முடிந்த ஒருவர் வலியில் காத்திருக்கிறார். இங்கே நான் வலி மேலாண்மை பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். வண்டி பிடித்துத் திரும்பி ஓடினேன்.

போகும் வழியில் வார்டை ஓர் எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததால் வந்த வினை. பார்க்கப் போனால் பார்த்ததோடு நிற்காது. யாராவது சாவியைக் கையில் திணிப்பார்கள், ஒரு ஊசி போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். பொறுப்பை முந்தின நாளே ஒப்படைத்து, சாவிக்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காலையில் நேராக மீட்டிங்குக்குத்தான். அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்க, அதாவது ஹேண்ட்ஓவருக்கு, எழுதிய தாள் பாக்கெட்டில் கிடந்தால் அதையும் எடுத்து அழித்துவிடுங்கள். பெயர், படுக்கை எண், நோய் எல்லாம் எழுதிய அந்தத் தாள் மீட்டிங் அறை நாற்காலியில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“எல்லாம் சரியா இருக்கு, பார்த்துக்கோங்க” என்பது ஹேண்ட்ஓவர் ஆகாது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் சொல்லும் எஸ்பார் (SBAR) முறை நம்மில் பலருக்கும் பழக்கம்தான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. அதில் நாம் அதிகம் விழுங்குவது கடைசிப் பகுதியை. “ஐந்தாம் படுக்கைக்காரரின் பொட்டாசியம் ரிப்போர்ட் மதியம் வரும், குறைவாக இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்” என்ற ஒரு வரி, நீங்கள் இல்லாத பகல் முழுவதையும் காப்பாற்றும்.

நைட் டியூட்டி முடித்து அப்படியே போவது இன்னொரு தவறு. உட்கார்ந்துதானே இருக்கப் போகிறோம் என்று தோன்றும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த நிலையில் வண்டியும் ஓட்டிக்கொண்டு போகிறோம்! ரோஸ்டர் போடும்போதே தேதியைச் சொல்லி முந்தின இரவை மாற்றிக் கேளுங்கள்.

சரி, மீட்டிங்குக்கே வருவோம். நான் பார்த்தவரை நாம் அதிகம் சறுக்குவது கணக்கில்தான். போன மாதம் உங்கள் வார்டில் 4 பேர் கீழே விழுந்தார்கள், பக்கத்து வார்டில் 3 பேர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் எண்ணிக்கையைச் சொன்னால் உங்கள் வார்டுதான் மோசம் என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் உங்களிடம் 30 படுக்கை, 30 நாளும் நிரம்பியிருந்தன. அதாவது 900 நோயாளி நாட்கள். அவர்களிடம் 15 படுக்கை, 450 நாட்கள். ஆயிரம் நோயாளி நாட்களுக்கு என்று பார்த்தால் உங்களுக்கு 4.4, அவர்களுக்கு 6.7. படமே தலைகீழாகிவிட்டது பாருங்கள். படுக்கைப் புண்ணுக்கும் இப்படித்தான். இதற்காக உங்கள் வார்டு நல்ல வார்டு என்று மார்தட்டவும் வேண்டாம். ஒரு மாதக் கணக்கு மிகச் சிறியது, ஒருவர் கூடுதலாக விழுந்தால் விகிதம் எகிறிவிடும். முடிந்தால் ஆறு மாதக் கணக்கைக் கொண்டுபோங்கள். ஆள் பற்றாக்குறையைச் சொல்லும்போதும் அப்படியே. “ரொம்பக் கஷ்டமா இருக்கு” என்றால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். எந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்று தேதியோடு சொன்னால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

போனை அணைத்து வைக்கச் சொல்ல மாட்டேன், நடக்காது. எதற்கெல்லாம் கூப்பிடலாம், யார் கூப்பிடுவார்கள் என்று பேசிவைத்துவிட்டு வாருங்கள். கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். இடைவேளையில் நோயாளி கதை பேசுவதும் அப்படித்தான். பெயரைச் சொல்லாவிட்டாலும் வயது, தொழில், நோய் மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் அவருடைய உறவினராகவும் இருக்கலாம்.

திரும்பி வந்ததும் மீட்டிங்கில் பேசியதை வரிவரியாக ஒப்பிக்காதீர்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பதை மட்டும் அரைப்பக்கத்தில் எழுதி, இரவு ஷிஃப்டுக்கும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். மீட்டிங் செய்தி வந்து சேராத ஆட்கள் எப்போதும் நைட் டியூட்டிக்காரர்கள்தான். அதையும் வார்டுக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டாம். முதலில் நேற்று என்ன நடந்தது, ஐந்தாம் படுக்கையின் ரிப்போர்ட் என்ன சொன்னது என்று கேளுங்கள். உங்கள் செய்தி அப்புறம்.