சோமாலிய அரசியல் செய்தியைப் படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

சோமாலியாவின் கதையை 1991இல் தொடங்குவதுதான் முதல் பிழை. ராணுவ ஆட்சியாளர் சியாத் பாரே விரட்டப்பட்டார், ஆயுதக் குழுக்கள் அடித்துக்கொண்டன, அரசு சிதறியது என்று எழுதிவிடுகிறோம். சிதறியது 1991இல்தான், விரிசல் விழுந்தது அதற்கு வெகு முன்பே. 1960 ஜூன் 26இல் பிரிட்டிஷ் சோமாலிலாந்து விடுதலை பெற்றது. ஐந்தே நாளில், ஜூலை 1 அன்று, இத்தாலியின் பொறுப்பில் இருந்த தெற்குடன் இணைந்தது. வடக்கில் ஆங்கிலச் சட்டம், ஆங்கிலக் கோப்பு. தெற்கில் இரண்டுமே இத்தாலிய வழி. தலைநகரம், குடியரசுத் தலைவர், பிரதமர் மூன்றும் தெற்குக்கே போயின. 1961 ஜூனில் அரசியலமைப்பு மீது வாக்கெடுப்பு நடந்தபோது வடக்கில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். டிசம்பரில் வடக்கைச் சேர்ந்த இளம் ராணுவ அதிகாரிகள் கலகம் செய்தார்கள்.

ஆனால் தலைநகர் மொகதிஷுவின் இன்றைய அரசியலைப் புரிந்துகொள்ள அதைவிட உதவுவது 1969 மார்ச் தேர்தல். 123 இடங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள், 60க்கும் மேற்பட்ட கட்சிகள். முடிவு வந்ததும் மற்றக் கட்சிகளில் ஜெயித்தவர்கள் கூட்டங்கூட்டமாக ஆளுங்கட்சியான சோமாலி இளைஞர் லீகுக்குத் தாவினார்கள். எதிர்வரிசையில் மிஞ்சியவர் ஒரே ஒருவர், முன்னாள் பிரதமர் அப்திரிசாக் ஹாஜி ஹுசேன். அக்டோபர் 15இல் குடியரசுத் தலைவர் ஷெர்மார்க்கே சுட்டுக்கொல்லப்பட்டார். 21இல் சியாத் பாரே தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உறுப்பினர் இருக்கையைக் கொள்கைக்கான இடமாகப் பார்க்காமல், அரசுப் பணத்தில் பங்கு தரும் பத்திரமாகப் பார்க்கும் வழக்கம் சியாத் பாரேக்கு முன்பே இருந்தது.

குலத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்குவது

ஹவியே, தாரோத், திர், திகில்-மிரிஃப்லே என்று நான்கு பெரிய குலங்களின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு, அவற்றை நான்கு கட்சிகள்போல எழுதுவது அடுத்த பிழை. மொகதிஷுவை அழித்த 1991–92 சண்டை ஹவியேக்கும் தாரோதுக்கும் இடையில் நடந்ததல்ல. மோதிய தலைவர்களான அய்தீத், அலி மஹ்தி இருவருமே ஹவியே. இருவருமே ஐக்கிய சோமாலி காங்கிரஸ் என்ற ஒரே அமைப்பினர். ஒருவர் ஹபர் கிதிர் கிளை, மற்றவர் அப்கால் கிளை. அன்றாடத்தில் உண்மையாகச் செயல்படும் அலகு இன்னும் சிறியது: கொலைக்கு ஈட்டுத்தொகையைச் சேர்ந்து கொடுக்கவும் வாங்கவும் கடமைப்பட்ட உறவுக் குழு. ‘ஹேர்’ எனப்படும் வழக்குச் சட்டப்படி ஓர் ஆண் கொல்லப்பட்டால் மரபான ஈடு 100 ஒட்டகம். காவல் நிலையமும் நீதிமன்றமும் இல்லாத இடத்தில் ஒருவருக்கு இருக்கும் காப்பீடு இந்தக் குழுதான். அரசு வந்து அதே காப்பைத் தராதவரை, குலத்தை விடச் சொல்வது பேச்சளவில்தான் நிற்கும். சியாத் பாரே குலத்தின் கொடும்பாவியைப் பொது இடத்தில் வைத்துப் புதைத்தார். ஆட்சியை நடத்தியதோ தன் உறவுக் கிளைகளை வைத்து.

தமிழ் வாசகருக்கு ஒரு தனி எச்சரிக்கை. குலம் என்றதும் சாதி என்று படித்துவிட வேண்டாம். பெரிய குலங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது சாதாரணம். மேல்கீழ் அடுக்கு கிடையாது. சாதிக்கு நெருக்கமான விலக்கை அனுபவிப்பவர்கள் கபோயே, தும்மால் போன்ற தொழில் சார்ந்த சமூகத்தினர். அவர்களோடு திருமண உறவு வைப்பதைத்தான் மற்றவர்கள் மறுக்கிறார்கள். ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் உழும் பண்டு (Bantu) சோமாலிகளின் நிலையும் ஏறத்தாழ இதுதான். ‘ஒரே மொழி, ஒரே மதம், ஒரே இனம், பிறகு ஏன் சண்டை’ என்று வியக்கும் கட்டுரைகளில் இவர்கள் யாரும் இருப்பதில்லை.

நாலரை என்ற கணக்கு

2000இல் ஜிபூட்டியின் அர்தா நகர மாநாட்டில் நடைமுறைக்கு வந்தது 4.5 முறை: நான்கு பெரிய குலங்களுக்குத் தலா ஒரு பங்கு, சிறுபான்மையினருக்கு அரைப் பங்கு. அதைத் தொன்மையான மரபு என்று எழுதுவது பிழை. நாடகம் என்று ஒதுக்குவதும் பிழை. 275 பேர் கொண்ட கீழவையில் நான்கு பெரிய குலங்களுக்குத் தலா 61, ஆக 244. மீதி 31 சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து. அந்த 61க்குள் ஒவ்வோர் இருக்கையும் குறிப்பிட்ட ஒரு கிளைக்குச் சொந்தம். 2016–17இல் ஓர் இருக்கைக்கு 51 வாக்காளர்களைக் குல மூத்தவர்களின் வழியாகத் தேர்ந்தார்கள். நாடு முழுவதற்கும் 14,025 பேர். 2021–22 சுற்றில் அது 101 ஆனது.

இதில் என்ன கெடுகிறது என்பது கணக்கிலேயே தெரியும். 51 பேரில் 26 பேரை வளைத்தால் போதும். அப்படி வந்தவர்கள் மேலவையின் 54 பேரோடு சேர்ந்து, மொத்தம் 329 பேர், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; அது கிடைக்காதபோது கடைசிச் சுற்றில் அதிக வாக்கு பெற்றவர் வெல்வார். செலவு எங்கே குவியும் என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த ஒதுக்கீடு இல்லாமல் 2000இல் எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்திருக்க முடியாது.

கையெழுத்தானால் முடிந்தது என்று நம்புவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. யாருக்கு எத்தனை இருக்கை என்பதில் சோமாலியர்கள் பலமுறை உடன்பட்டிருக்கிறார்கள். எந்த அதிகாரம் யாரிடம், எந்த வருவாய் யாருக்கு என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் தள்ளிவைத்தார்கள். 2012 ஆகஸ்ட் 1இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் பெயரிலேயே ‘தற்காலிக’ என்ற சொல் இருந்தது. அதன் 54ஆம் பிரிவு மத்திய அரசுக்குத் தெளிவாகக் கொடுத்தவை நான்கு: வெளியுறவு, பாதுகாப்பு, குடியுரிமையும் குடியேற்றமும், பணக் கொள்கை. மற்றவை மத்திய அரசும் மாநிலங்களும் பேசி முடிக்க வேண்டியவை. துறைமுகங்களோ தனித்தனிக் கைகளில்: மொகதிஷு மத்திய அரசிடம், பொசாசோ புண்ட்லாந்து மாநிலத்திடம், கிஸ்மாயோ ஜூபாலாந்து மாநிலத்திடம். சுங்க வரி எங்கே வசூலாகிறதோ அங்கேயே தங்கும்.

ஆகவே ‘நாடாளுமன்றம் நிறைவேற்றியது’ என்ற செய்தி வந்தால் மூன்றைப் பாருங்கள். எந்த மாநிலங்கள் ஒப்புக்கொண்டன? அது வருவாயைத் தொடுகிறதா? யாருடைய பதவிக்காலம் முடியப்போகிறது? 2024 மார்ச் 30இல் அரசியலமைப்பின் முதல் நான்கு அத்தியாயங்களின் திருத்தத்தை நாடாளுமன்றம் ஏற்றது. மறுநாளே புண்ட்லாந்து மத்திய அரசை அங்கீகரிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஜூபாலாந்தில் அகமது மதோபே மாநிலத் தலைவராக மீண்டும் தேர்வானதை மொகதிஷு ஏற்கவில்லை. டிசம்பரில் அந்த மாநிலத்தின் ராஸ் கம்போனியில் இரு தரப்புப் படைகளும் மோதின. 2021 ஏப்ரலில் கீழவை தன் பதவிக்காலத்தையும் குடியரசுத் தலைவரின் பதவிக்காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியபோது தலைநகரத் தெருக்களிலேயே துப்பாக்கி வெடித்தது. மே 1இல் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

அரசை எதிர்த்துப் போரிடும் இஸ்லாமிய ஆயுதக் குழுவான அல்-ஷபாப்பை வெறும் குண்டுவெடிப்புச் செய்தியாகச் சுருக்குவதும் இதோடு சேர்ந்த பிழை. அது சாலைகளில் வரி வாங்குகிறது, நிலத் தகராறுக்குத் தீர்ப்புச் சொல்கிறது. அரசின் கட்டுப்பாட்டில் வாழ்பவர்கள்கூட வழக்கை அங்கே கொண்டுபோவது உண்டு.

சோமாலிலாந்தைச் சொக்கத் தங்கமாகக் காட்டுவது

1991இல் வடக்கு, சோமாலிலாந்து என்ற தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. 1993இல் அங்கே போராமா நகரில் மூத்தவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். வெளிநாட்டு ஓட்டலில் தேதி குறித்து முடித்த பேச்சல்ல அது. 2003 குடியரசுத் தலைவர் தேர்தலில் 80 வாக்கு வித்தியாசத்தைத் தேர்தல் ஆணையம் அறிவித்தும் ரத்தம் சிந்தவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் ‘குர்தி’ எனப்படும் மூத்தோர் அவை ஒருமுறைகூட மக்கள் வாக்கைச் சந்தித்ததில்லை, தன் காலத்தை நீட்டிக்கொண்டே போகிறது. கிழக்கில் லாஸ் அனோத் மக்கள் 2023இல் ஆயுதம் ஏந்தி, சோமாலிலாந்துப் படையை ஆகஸ்டில் வெளியேற்றினார்கள். ஒரு குலக் கூட்டத்தின் ஒப்பந்தத்தில் தங்களுக்குப் பங்கு இல்லை என்பதே அவர்கள் வாதம்.

‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ வந்தால் சரியாகிவிடுமா?

2025 டிசம்பர் 25இல் மொகதிஷு மக்கள் உள்ளாட்சிக்கு நேரடியாக வாக்களித்தார்கள். முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. நாடளவில் பல கட்சிகள் போட்டியிட்ட நேரடித் தேர்தல் கடைசியாக நடந்தது 1969இல்தான். அதை மீண்டும் நடத்தத் தொகுதி எல்லை வேண்டும், அதற்கு மக்கள்தொகைக் கணக்கு வேண்டும்; 1980களுக்குப் பிறகு அங்கே முழுக் கணக்கெடுப்பே இல்லை. தலைநகரம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதும் முடிவாகவில்லை. மேலவையின் 54 இடங்களில் சோமாலிலாந்துக்கும் புண்ட்லாந்துக்கும் தலா 11, மற்ற நான்கு மாநிலங்களுக்கும் தலா 8 என ஒதுக்கினார்கள். நாட்டின் மிகப் பெரிய நகரமான மொகதிஷுவுக்கென்று ஓர் இடம்கூட அதில் இல்லை.