ஸ்பின் வந்ததும் வாஷிங் மெஷின் ஆடுகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் பாருங்கள்

துவைக்கும்வரை பேசாமல் இருந்த மெஷின், ஸ்பின் வந்ததும் தடதடவென்று ஆடி, சுவரை இடித்து, பாதியில் நின்று கத்துகிறதா? பெரும்பாலும் கோளாறு மெஷினுக்குள் இருக்காது. துணி போட்ட விதத்தில் இருக்கும், இல்லையென்றால் தரையில் இருக்கும். எங்கள் வீட்டில் டாப் லோடு மெஷின். அதை வைத்துச் சொல்கிறேன்.

1. காலி டிரம்மில் ஸ்பின்

துணி எதுவும் போடாமல் ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். சத்தமில்லாமல் சுற்றினால் மெஷினும் தரையும் சரி, சிக்கல் துணியில். அப்போதும் ஆடினால் நேரே மூன்றாம் படிக்குப் போய்விடுங்கள்.

2. துணி போடுவது

டிரம் நிமிடத்துக்கு 700 சுற்றுப் போடுகிறது, நடுவிலிருந்து விளிம்பு 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் ஒரு கிலோ ஈரத்துணி கூடுதலாக ஒதுங்கினால், 130 கிலோவுக்கு மேற்பட்ட எடை தொங்குவதற்குச் சமமான இழுப்பு அந்தப் பக்கம் விழும். டிரம்மின் மேல்விளிம்பில் உப்புநீர் அடைத்த ஒரு வளையம் இருக்கிறது. சின்ன வித்தியாசத்தை அது ஈடுகட்டிவிடும். நனைந்த போர்வை ஒன்று ஓரமாக ஒதுங்கினால் அதற்குத் தாங்காது.

அதனால் கனத்த துணியைத் தனியாகப் போடாதீர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்பியதும் பெட்ஷீட்டும் போர்வையும் குவிந்து கிடக்கும். ஒரு போர்வைக்கு இரண்டு மூன்று துண்டு சேர்த்துப் போட்டால் எடை பரவும். ஜீன்ஸ் போட்டால் இரண்டாகப் போட்டு எதிரெதிரே வையுங்கள். சேலையும் எட்டு முழ வேட்டியும்தான் வில்லங்கம். மற்ற துணிகளைச் சுருட்டி ஒரே உருண்டையாக்கிவிடும். அவற்றைத் தளர்வாக மடித்து வலைப்பையில் போடுவேன். சுங்குடிச் சேலையை மெஷினில் போடுவதே இல்லை, சாயம் போகும். அதைக் கையால் அலசுவதுதான் எனக்குச் சரி.

ரெயின்கோட், குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட் இரண்டையும் ஸ்பின்னில் போடவே கூடாது. உள்ளே தேங்கிய தண்ணீர் வேகத்தில் திடீரென்று வெளியேறினால் மெஷினே துள்ளிவிடும்.

3. தரை

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இந்தப் படிதான். நம் வீடுகளில் மெஷினை பாத்ரூமிலோ பின்கட்டிலோதான் வைக்கிறோம். தண்ணீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் அங்கே வாட்டம் வைத்துத்தான் தரை போட்டிருப்பார். கண்ணுக்குச் சமமாகத் தெரியும், சமமாக இருக்காது.

ஹார்டுவேர் கடையில் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்குங்கள். மொபைல் ஆப் வேண்டாம். போனின் பின்னால் கேமரா துருத்திக்கொண்டிருப்பதால் அதுவே சாய்ந்துதான் படுக்கும். ரசமட்டத்தை மூடிமேல் வைக்காமல் பாடியின் தட்டையான விளிம்பில் வையுங்கள். இடவலமாக ஒரு தடவை, முன்பின்னாக ஒரு தடவை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒருவர் மெஷினை லேசாகச் சாய்த்துப் பிடிக்க, தாழ்ந்திருக்கிற பக்கத்துக் காலைத் திருகுங்கள். கழற்றுகிற திசையில் திருகினால் கால் நீளும். டாப் லோடு பலவற்றில் முன்பக்கக் கால் மட்டும்தான் திருகும். ஃப்ரண்ட் லோடில் பெரும்பாலும் நான்கு கால்களுமே திருகும்.

ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நின்றதும் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. மேல்மூலைகளில் குறுக்காக, முன் இடது மூலையையும் பின் வலது மூலையையும் மாற்றி மாற்றி அமுக்குங்கள். டொக் டொக்கென்று ஆடினால் ஒரு கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. மட்டம் சரியாக இருந்தும் மெஷின் நடப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் காலை இன்னும் கால் சுற்று, அரைச் சுற்று இறக்கி மறுபடி அமுக்கிப் பாருங்கள். ஆட்டம் நின்றதும் காலில் இருக்கும் லாக் நட்டை பாடியோடு ஒட்டும்படி ஸ்பேனரால் இறுக்குங்கள். இதை விட்டால் அதிர்விலேயே கால் மெல்லத் திரும்பி, கொஞ்ச நாளில் பழைய ஆட்டம் வந்துவிடும்.

கால் முழுக்க நீண்டும் எட்டவில்லையென்றால் அட்டையை மடித்து வைக்காதீர்கள், ஈரத்தில் ஊறி அமுங்கிவிடும். கொத்தனாரிடம் சொல்லி மெஷின் நிற்கிற அளவுக்கு மட்டமான ஒரு சிமெண்டு மேடை போட்டுவிடுவது உத்தமம். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டு எனக்கு அறவே பிடிக்காது. கூட்டிப் பெருக்க வசதிதான், ஆனால் மெஷின் காலுக்குக் கீழே இன்னொரு ஆட்டத்தை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

4. ராடு

தரை சரியாகியும் காலி டிரம் ஆடினால், டிரம்மைக் கையால் கீழே அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் நல்லது. மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருந்தால் அதைத் தாங்கும் நான்கு சஸ்பென்ஷன் ராடுகள் தளர்ந்துவிட்டன. இப்போது மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஒன்றை மட்டும் மாற்றாமல் நான்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

பாதியில் நின்றால்

பல மெஷின்கள் எடை ஒதுங்கியதை உணர்ந்ததும் மறுபடி தண்ணீர் பிடித்து, துணியைக் கலைத்து, திரும்ப முயலும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற தெருவில் அந்த டிரம் தண்ணீர் சும்மா போவதைப் பார்க்க வயிறு எரியும். சத்தம் மாறியதுமே பாஸ் கொடுத்து, டிரம் முழுக்க நின்றபின் மூடியைத் திறந்து, முடிச்சைப் பிரித்து, நடுத்தண்டைச் சுற்றி வளையமாகப் பரப்பிவிட்டு ஓடவிடுங்கள். சுற்றும்போது கை வைக்கவே கூடாது.

பிற்சேர்க்கை

செமி ஆட்டோமேட்டிக்குக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். அதில் ஸ்பின் தொட்டி குறுகல். துணியை அடியிலிருந்து சுற்றிலும் சமமாக அமுக்கி, மேலே உள்மூடித் தட்டை வைத்து அழுத்தினால் போதும். குறுகலான தொட்டி என்பதால் போர்வையைத் தனியாகத்தான் போட வேண்டியிருக்கும்.

ஆனையூரிலிருந்து திருநகருக்கு வீடு மாறிய ஒருவர், ஃப்ரண்ட் லோடு மெஷின் அறையையே அதிர வைக்கிறது என்றார். பின்பக்கம் பார்க்கச் சொன்னேன். ஏற்றிவரும்போது டிரம் ஆடாமல் இருக்க மாட்டும் டிரான்சிட் போல்ட்டுகள் கழற்றப்படாமல் அப்படியே இருந்தன. கழற்றியவற்றை ஒரு கவரில் போட்டு மேனுவலோடு கட்டி வைத்துவிடுங்கள், அடுத்த வீட்டுக்குப் போகும்போது மறுபடி மாட்ட வேண்டும்.