பேட்டரி வண்டியா, எஞ்சின் வண்டியா: முதல் ஆர்.சி. கார் வாங்குவோருக்கு

ஆர்.சி. கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்னக் கார் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்றுதான். பட்ஜெட், ஸ்பீடு எல்லாம் அப்புறம். கோயம்புத்தூரில் எனக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. வாரம் முழுக்க பம்பு மோட்டார், ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட் கார். பேட்டரியில் ஓடும் 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) வண்டி ஒன்றும், மெத்தனால் கலந்த நைட்ரோ எரிபொருளில் ஓடும் எஞ்சின் வைத்த 1/8 பக்கி, அதாவது மண் தரையில் ஓட்டும் வண்டி ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் பேட்டரி வண்டி வாங்கினால் நேரமெல்லாம் ஓட்டுவதில் போகும். நைட்ரோ வாங்கினால் பாதி நேரம் எஞ்சினைக் கவனிப்பதில் போகும். இதில் உங்களுக்கு எது சந்தோஷம் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்துவிட்டது. மீதிப் பாதி, தரையும் அக்கம்பக்கமும்.

நைட்ரோ எஞ்சின் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். அந்தக் கீச்சுச் சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்கும். வீடுகள் நெருங்கிய லேஅவுட்டில் காலி மனை இருக்கிறதே என்று நைட்ரோவை எடுத்துப் போனால் முதல் வாரமே சண்டை வரும். சண்டைக்கு வருபவர் பக்கம்தான் நியாயமும் இருக்கும். ஊருக்கு வெளியே, நிலத்துக்காரர் சம்மதத்தோடு ஓட்ட ஒரு இடம் இருந்தால் மட்டும் எஞ்சினைப் பற்றி யோசியுங்கள். இல்லையென்றால் பேட்டரிதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

என் அக்கா மகன் போன வருடம் வந்து நின்றான். "மாமா, நைட்ரோதான் நிஜக் கார் மாதிரி புகை விடுது, அதையே வாங்கிக்கறேன்" என்றான். "கண்ணு, நீ காலேஜ் முடிஞ்சு வீடு வந்து சேர்றப்பவே மணி ஆறு. இருட்டறதுக்குள்ள அரை மணி நேரம் இருக்கும். அதுல எஞ்சினைச் சூடாக்கி, டியூன் பண்ணி, ஓட்டி, துடைச்சு எண்ணெய் விட்டு வைக்க முடியுமா?" என்று கேட்டேன். பேட்டரி வண்டி வாங்கினான். இன்றைக்கும் தினமும் ஓட்டுகிறான்.

பேட்டரி வண்டியில் பார்க்க வேண்டியது மோட்டாரும் பேட்டரியும். மோட்டாரில் பிரஷ் உள்ளது, பிரஷ்லெஸ் என்று இரண்டு வகை. பிரஷ் மோட்டார் விலை குறைவு, மெதுவாக ஊர்ந்து போக நல்லது, ஆனால் கார்பனும் கம்யூட்டேட்டரும் தேயும். பிரஷ்லெஸ்ஸில் பேரிங்கைத் தவிர தேய்வதற்கு ஒன்றுமில்லை. அதன் மேல் 3300 கேவி என்று போட்டிருந்தால், லோடு இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு 3300 சுற்று என்று அர்த்தம். 7.4 வோல்ட் பேட்டரி, அதாவது இரண்டு செல் கொண்ட 2எஸ் போட்டால் சுமார் 24,000 சுற்று, 11.1 வோல்ட் 3எஸ் போட்டால் 36,000-ஐத் தாண்டிவிடும். அதே வண்டி, அதே மோட்டார், பேட்டரியை மாற்றினாலே குணம் மாறிவிடும். முதல் சில மாதம் 2எஸ்-இல் ஓட்டிக் கை பழகட்டும். 3எஸ்-க்குப் போகும்போது மோட்டாரில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை, அதுதான் பினியன், ஒன்றிரண்டு பல் குறைத்துப் போடுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டியதும் மோட்டாரில் விரல் வையுங்கள். சில விநாடி கூடத் தாங்க முடியவில்லை என்றால் பினியன் இன்னும் பெரிதாக இருக்கிறது. வைண்டிங் இனாமல் கருகும் வாசனை எனக்குத் தொழில் வழியாகப் பழக்கம். அது வந்த பிறகு அந்த மோட்டாருக்குச் செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரிதான் பேட்டரி வண்டியில் இருக்கும் ஒரே ஆபத்து. ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது, 3.2 அல்லது 3.3 வந்ததும் நிறுத்திவிடுவது நல்லது. ஓட்டாமல் வைப்பதென்றால் 3.8-இல் வையுங்கள். நல்ல சார்ஜரில் இதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஒரு நிலை இருக்கும். 5000 எம்ஏஎச் பேட்டரியை 5 ஆம்பியரில், செல்களைச் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் ஒயரையும் செருகி, பக்கத்தில் இருந்துகொண்டு சார்ஜ் போடுங்கள். தூங்கப் போகும்போது போட்டுவிட்டுப் போகிற வேலை வேண்டாம். சோபா மேலும் மெத்தை மேலும் வைக்காதீர்கள். சிமெண்ட் தரையில், இரும்புப் பெட்டிக்குள் அல்லது லிப்போ பையில் வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்க்காதீர்கள், அதோடு அதை ஓட்டுவதை விட்டுவிடுங்கள். நம் ஊர் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போவது மிகவும் தப்பு. வண்டி வாங்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது சார்ஜரை நல்லதாக வாங்குங்கள். வண்டியை மாற்றினாலும் சார்ஜர் கூடவே வரும்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். இதில் நைட்ரோ, பெட்ரோல் என்று இரண்டு வகை.

நைட்ரோ எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்தது. நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் 16 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, குளோ பிளக். அதில் பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச் சுருள். தொடங்கும்போது மட்டும் இக்னைட்டர் வைத்து அதைச் சூடாக்குகிறோம். ஓட ஆரம்பித்ததும் மெத்தனால் ஆவியே அந்தக் கம்பியைத் தணலாக வைத்துக்கொள்ளும். 1/8 பக்கியின் எஞ்சின் 3.5 சிசி, பிஸ்டன் விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர்தான். பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் ஓடும் உருளையான ஸ்லீவை, மேலே போகப் போகக் குறுகும்படி கடைந்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் போய்க் கவ்விப் பிடிக்கும். சூடானதும் ஸ்லீவ் விரிந்து சரியாக உட்காரும். அதனால்தான் புது எஞ்சினை ஹேர் டிரையரால் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்கிறோம். முதல் சில டேங்க் எரிபொருளை அதிகமாக விட்டு, அதாவது ரிச்சாக வைத்து, மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

இதில் எண்ணெய்க்குத் தனி வழி இல்லை என்பதை மட்டும் மறக்கவே கூடாது. எரிபொருளோடு வருவதுதான் எஞ்சினுக்குக் கிடைக்கும் எண்ணெய். ஸ்பீடு வரட்டும் என்று எரிபொருள் அளவை வைக்கும் திருகான நீடிலை வலப்பக்கம் முறுக்கி லீன் ஆக்கினால், அதாவது எரிபொருளைக் குறைத்தால், சூடு ஏறுகிற அதே நேரத்தில் எண்ணெயும் குறைகிறது. கொஞ்ச நேரம் அற்புதமாகப் பறக்கும், அதோடு ஸ்லீவ் போச்சு. முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய நீலப் புகைக் கோடு தெரிய வேண்டும். தெரியவில்லையா, உடனே நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் குளோ பிளக் பக்கம் 95 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை காட்டினால் சரி. கருவி இல்லையென்றால் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: இரண்டு மூன்று விநாடி கொதித்து வற்றினால் நல்லது, பட்டதும் மாயமானால் சூடு அதிகம்.

மெதுவான ஓட்டத்துக்கான லோ ஸ்பீடு நீடிலுக்கு வேறு சோதனை. ஐடிலிங்கில் ஓடும்போது கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் டியூபை விரலால் கிள்ளிப் பிடியுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி, சத்தம் லேசாக ஏறி, நின்றால் சரியான அளவு. கிள்ளியதுமே நின்றால் லீன். ஐந்து விநாடிக்கு மேல் இழுத்தால் ரிச். எதுவானாலும் ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. இதைச் செய்யும்போது ஒரு கட்டத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று தெளிவாகும். அந்தச் சத்தம் உங்களை மறுபடி மறுபடி இழுத்தால் நைட்ரோ உங்களுக்கானது. எரிச்சல் வந்தால் பேட்டரி வண்டியோடு இருப்பதே நல்லது.

இந்த டியூனிங் ஒரு முறையோடு முடிவதுமில்லை. காலைக் குளிரில் வைத்த செட்டிங் மதிய வெயிலுக்குப் பொருந்தாது. கோவையில் டியூன் செய்த வண்டியை ஊட்டிக்குக் கொண்டுபோனால், 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, அதே நீடில் ரிச் ஆகிவிடும். பேட்டரி வண்டிக்கு இந்தக் கவலையே கிடையாது.

ஓட்டி முடித்ததும் டேங்கில் சொட்டு மிச்சமில்லாமல் எரித்துவிடுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; உள்ளே தங்கினால் பேரிங் துருப்பிடிக்கும். ஆஃப்டர் ரன் எண்ணெய் சில சொட்டு விட்டு, கையால் சுற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரை அதற்கான எண்ணெயில் நனைத்து வைக்காமல் ஓட்டவே கூடாது. நம் பக்கத்துச் செம்மண் தூசி ஸ்லீவைச் சீக்கிரமே அரித்துவிடும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மெத்தனால் எவ்வளவு கொடிய விஷம் என்பதைக் கள்ளக்குறிச்சிக்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அதைக் கையாள உரிமம் வேண்டும். ஆகவே கெமிக்கல் வாங்கி வீட்டில் கலந்துகொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம். தயாரித்து சீல் வைத்த எரிபொருளை, பில் போட்டுக் கொடுக்கும் ஹாபி கடையில் மட்டும் வாங்குங்கள். அப்படிக் கடை கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் நைட்ரோ ஆசையைத் தள்ளிப்போடுங்கள். தோலில் பட்டாலும் உடலுக்குள் இறங்கும், கையுறை போடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. வெயிலில் மெத்தனால் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் வண்டி என்பது 1/5 அளவு, 23 முதல் 30 சிசி வரையிலான டூ ஸ்ட்ரோக். தோட்டத்தில் களை வெட்டும் பிரஷ் கட்டர் எஞ்சினின் நெருங்கிய சொந்தம்தான். பங்கில் கிடைக்கும் பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்தால் போதும்; 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி. பிரஷ் கட்டர் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார். நைட்ரோ அளவுக்கு டியூனிங் தொல்லை இல்லை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் டேங்கில் தேக்கி வைக்க வேண்டாம். ஆனால் வண்டி 10 கிலோவைத் தாண்டும். அந்த எடை வேகமாக வந்து காலில் மோதினால் எலும்பு முறியும். ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் இதை எடுக்கவே கூடாது.

செலவுக் கணக்கு எளிது. 1/8 பக்கியின் டேங்க் 125 மில்லி, ஒரு டேங்க் சுமார் எட்டு பத்து நிமிடம் வரும். ஒரு லிட்டர் எரிபொருள் ஒன்றேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2எஸ் 5000 பேட்டரி சேமிப்பது 37 வாட் மணி. சார்ஜர் விரயத்தையும் சேர்த்தால்கூட ஒரு யூனிட் கரண்டில் ஏறத்தாழ இருபது தடவை சார்ஜ் ஏற்றலாம். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, சில வருடத்தில் மாற்ற வேண்டிவரும். அதைக் கணக்கில் சேர்த்தாலும் நைட்ரோதான் அதிகம் கேட்கும்.

பழைய வண்டி வாங்குவதென்றால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். ஃபிளைவீலை விரலால் சுற்றினால் உச்சியில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் கம்ப்ரெஷன் போய்விட்டது, என்ன விலை சொன்னாலும் வேண்டாம். பேட்டரி வண்டியில், உப்பிய பேட்டரியை விலையில் சேர்க்காதீர்கள். பல்சக்கரங்களைச் சுற்றிப் பல் உடைந்திருக்கிறதா பாருங்கள்.

புதிதோ பழையதோ, அந்த மாடலின் உதிரி பாகம் தனித்தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 1976-இலிருந்து ஆர்.சி. கார் செய்துவரும் டாமியா போன்ற பழைய கம்பெனிகளின் வண்டிகளை ஆட்கள் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். முதலில் உடைவது பெரும்பாலும் முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்தான். வண்டியோடு சேர்த்தே ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள்.