ஒரே அண்ணாச்சிக்கு மூன்று கணக்கு வேண்டாம்

அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி மொத்தக் கடைக்கு மென்பொருள் அமைத்தபோது பார்த்தது இது. தென்காசிக் கடைக்கு ஒன்று, புனலூர்க் கடைக்கு ஒன்று என வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே அண்ணாச்சி இரண்டு முறை இருந்தார். நெல் தருபவரும் அவரே என்பதால் சப்ளையர் பட்டியலில் இன்னொன்று. பாக்கி எவ்வளவு என்று கேட்டால் மூன்று பதில் வந்தது.

ஆளை ஒரே முறை பதியுங்கள். வாடிக்கையாளர், சப்ளையர் என்பதெல்லாம் அவர் வகிக்கும் பங்குகள். அவை மென்பொருளில் தனி டேபிளில் (அட்டவணையில்) இருக்கட்டும். கடை முகவரிகளும் அப்படித்தான்.

ஜிஎஸ்டி எண்ணை ஆளின் அடையாளமாக வைக்காதீர்கள். 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலத்துக்கானவை: தமிழ்நாட்டுத் தென்காசிக்கு 33, கேரளப் புனலூருக்கு 32. அடுத்து வரும் 10 இலக்கம் பான் எண். இரண்டு பதிவிலும் அது ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தான். ஜிஎஸ்டி இல்லாத விவசாயிகளும் உண்டு, செல்போன் எண்ணோ மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மென்பொருள் தானாகத் தரும் எண்ணையே அடையாளமாக வையுங்கள்.

அப்புறம், மகன் கடையை ஏற்றால் அப்பா பெயரை அழித்து எழுதாதீர்கள். மகனுக்குப் புதுப் பதிவு போட்டு, இருவருக்குமான உறவைத் தேதியோடு ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பழைய பில் பழையபடியே இருக்கும்.