பழைய டீசல் அம்பாசடர்: என்ஜின் சூடாக இருந்தால் வாங்காதீர்கள்

பழைய டீசல் அம்பாசடர் பார்க்கப் போகிறீர்கள் என்றால், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலையிலேயே போய், பானெட்டைத் திறந்து என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரெஷன், அதாவது காற்றை அழுத்தும் திறன், குறைந்திருந்தால் அந்தச் சூடு போதாது, ஸ்டார்ட் ஆவதற்கு செல்ஃப் மோட்டார் நீண்ட நேரம் சுற்றும். ஆனால் ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றிய என்ஜினில் இந்தக் குறை மறைந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால் என்ஜின் வேலை காத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். புது பெயின்ட்டைப் பார்த்து மயங்குகிறவர்கள்தான் அதிகம்!

மாதக்கணக்கில் நின்றுபோன வண்டிக்கு இந்தச் சோதனை சரிவராது. டீசல் லைனில் காற்று புகுந்திருந்தால் நல்ல என்ஜினும் கிளம்பாது. ஃபில்டரை மாற்றி, ஏர் எடுத்துவிட்டு அப்புறம் பாருங்கள். ஊட்டிக் குளிரில் திணறினாலும் உடனே கம்ப்ரெஷனைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்டார்ட் செய்யும்முன் என்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் போயிருக்கலாம், அது சின்னச் செலவுதான்.