மருத்துவக் காப்பீட்டு மானியமும் டிசம்பர் மாத வருமானமும்

அமெரிக்காவில் 65 வயதில் மெடிகேர் என்னும் முதியோருக்கான அரசுக் காப்பீடு கிடைக்கும்வரை, முன்கூட்டியே வேலையை விட்டவர்களில் பலர், தாமே காப்பீடு வாங்கும் அரசுச் சந்தையான மார்க்கெட்பிளேஸையே நம்பியிருக்கின்றனர். அதற்கான மானியம் சேமிப்பைப் பார்த்து முடிவாவதில்லை. அந்த ஆண்டின் வரிக்கணக்கில் வரும் வருமானத்தைப் பார்த்தே முடிவாகிறது. அண்மையில் ஓய்வுபெற்ற சில நண்பர்களின் கணக்குகளைப் பார்த்தபோது, 2019-இல் நான் செய்த அதே பிழையை அவர்களும் செய்யவிருப்பதைக் கண்டேன். அதையும் வேறு சில பிழைகளையும் கீழே தருகிறேன்.

வரம்பின் விளிம்புவரை ராத் கன்வெர்ஷன் செய்தல்

வருமானம் வறுமைக்கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டினால் மானியம் முழுவதும் போய்விடும். 2019-இல் இருவர் குடும்பத்துக்கு அந்த வரம்பு 65,840 டாலர். அக்டோபரிலேயே ஐஆர்ஏ என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கின் பணத்தை ராத் கணக்குக்கு மாற்றி (இதுவே ராத் கன்வெர்ஷன்; மாற்றும் தொகை அவ்வாண்டின் வருமானமாகச் சேரும்), வருமானத்தை 65,000-இல் நிறுத்திவிட்டதாக எண்ணி நிம்மதியாக இருந்தேன். டிசம்பர் நடுவில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட், நான் எதையும் விற்காதபோதே, தான் ஈட்டிய விற்பனை லாபத்தில் என் பங்காக 1,900 டாலர் மூலதன ஆதாயத்தைப் பகிர்ந்தளித்தது. வரம்பைத் தாண்டியது ஏறத்தாழ ஆயிரம் டாலர்; மானியத்தைச் சரிபார்க்கும் வரிப் படிவமான 8962-ஐ நிரப்பியபோது, முன்பே பெற்ற மானியத்தில் திருப்பிச் செலுத்த வேண்டியிருந்ததோ 14,000 டாலருக்கு மேல். மாற்றிய பணத்தைப் பழைய கணக்குக்கே திருப்பும் வசதி 2018 முதல் நீக்கப்பட்டிருந்ததால், செய்ததைத் திருத்த வழியில்லை. இன்றும் அந்தத் தொகையை நினைத்தால் மனம் ஆறவில்லை, ஏனெனில் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம்.

2021 முதல் 2025 வரை இந்த 400 சதவீத வரம்பு தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்ததால், அந்த ஆண்டுகளில் ஓய்வுபெற்றவர்களுக்கு அதன் கடுமை தெரியாது. 2026 காப்பீட்டுக்கு அது திரும்பியிருக்கிறது: தனிநபருக்கு 62,600 டாலர், இருவருக்கு 84,600 டாலர். வரம்புக்குள் இருப்பவர்கள் கூடுதலாகப் பெற்ற மானியத்தைத் திருப்பித் தருவதற்கு முன்பிருந்த உச்சவரம்பும் 2026 முதல் இல்லை.

ஆகவே, ஃபண்ட் நிறுவனங்கள் நவம்பரில் வெளியிடும் மதிப்பீடுகளைப் பார்த்து, பகிர்வுகள் வந்து சேர்ந்த பின்னரே கன்வெர்ஷன் செய்யுங்கள். டிசம்பர் 31-க்குள் முடிந்தால் போதும். அப்போதும் சில ஆயிரம் டாலர் இடைவெளி விடுங்கள்.

என்ஆர்இ வட்டியை விட்டுவிடுதல்

என்ஆர்இ என்பது வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வைக்கும் வங்கிக் கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் நம்மவர்கள் பலர் இதை மறந்துவிடுகின்றனர். அமெரிக்க வரிக்கணக்கில் அது முழுமையான வருமானம். மானியக் கணக்கிலும் அப்படியே.

நகராட்சிப் பத்திர வட்டி

வரிவிலக்கு உண்டு, ஆயினும் மானியத்துக்கான வருமானக் கணக்கில் சேரும்.

வருமானத்தை மிகவும் குறைத்தல்

டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில், 2026-இல் இருவரின் வருமானம் வறுமைக்கோடான 21,150 டாலருக்குக் கீழே இருக்குமென விண்ணப்பத்தில் காட்டினால் மானியம் கிடையாது. குறைந்த வருமானமுள்ளோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகெய்டை விரிவாக்கிய மாநிலங்களில், வறுமைக்கோட்டின் 138 சதவீதம்வரை வருமானம் உள்ளவர்களை மெடிகெய்டுக்கே அனுப்புவார்கள். இத்தகையவர்களுக்குச் சிறிய ராத் கன்வெர்ஷன் உண்மையிலேயே உதவும்.

வரம்பு தாண்டியதை ஜனவரியில் கண்டுபிடித்துக் கைவிடுதல்

2026 முதல் மார்க்கெட்பிளேஸின் வெண்கல (Bronze) நிலைத் திட்டங்கள் அனைத்தும் எச்எஸ்ஏ என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குத் தகுதி பெறுகின்றன. 2026-க்கு, குடும்பத் திட்டத்துக்கு 8,750 டாலர்வரை, 55 வயது கடந்தவர் கூடுதலாக 1,000 டாலர், அடுத்த ஏப்ரல் 15-க்குள் செலுத்தினாலும் முந்தைய ஆண்டின் வருமானம் அந்த அளவுக்குக் குறையும். நான் அன்று எடுத்திருந்த வெள்ளி (Silver) நிலைத் திட்டத்துக்கு இந்தத் தகுதி இல்லை.